பொறுத்துப்போகும் ரத்தம்

போன வாரம் மட்டும் என் கைப்பேசிக்கு ஏழு கஷாயக் குறிப்புகள் வந்துவிட்டன. எல்லாமே ‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்’ கஷாயங்கள். கரோனா போய்விட்டது, அது கொண்டுவந்த இந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. கஷாயத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. சுக்கும் மிளகும் யாரை என்ன செய்துவிடும்? ஆனால் எதிர்ப்பு சக்தி என்பது வங்கியில் போட்ட பணம் மாதிரி ஏறிக்கொண்டே போகவேண்டியது என்ற நினைப்புதான் எனக்கு இடிக்கிறது. முடக்குவாதம் வந்து காலையில் விரலை மடக்க முடியாமல் தவிக்கிறவர்கள் நம் வட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு எதிர்ப்பு சக்தி போதாமல் இல்லை. இருக்கிற சக்தி சொந்த வீட்டுக்குள்ளேயே கல்லெறிகிறது. அதுதான் வியாதி.

2025 அக்டோபர் 6 அன்று மருத்துவத்துக்கான நோபல் பரிசு அறிவித்தார்கள். அமெரிக்காவின் மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி ஆகிய மூவருக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். பிரங்கோவின் கைப்பேசியில் ஸ்வீடன் எண் வந்ததும் ஏதோ விளம்பர அழைப்பு என்று எடுக்காமல் விட்டுவிட்டாராம். ராம்ஸ்டெல் மலைப்பக்கம் நடக்கப் போயிருந்தார். கைப்பேசித் தொடர்பே இல்லை. திடீரென்று மனைவி கத்த, கரடி வந்துவிட்டதோ என்று இவர் பயந்திருக்கிறார். வந்தது கரடி இல்லை, வாழ்த்துச் செய்திகள். பத்திரிகைகள் இந்த வேடிக்கையைப் பெரிதாகப் போட்டுவிட்டு, எதற்காகப் பரிசு என்பதை நாலு வரியில் முடித்துவிட்டன. பரிசு எதிர்ப்பு சக்தியைக் கூட்டியதற்காக இல்லை. அதை அடக்கி வைப்பது எது என்று கண்டுபிடித்ததற்காக. அந்தக் கதை மாட்டுத் தொழுவத்தில் ஆரம்பித்து, ரத்தப் புற்றுநோய் வார்டுகளுக்குள் போய் நிற்கிறது. கொஞ்சம் நீளமான கதைதான். ஓய்வு பெற்றவர்களுக்கு நேரத்துக்கா பஞ்சம்?

மாடு வளர்த்த குடும்பங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு ஈற்றில் காளைக்கன்றும் கிடாரியும் சேர்ந்து பிறந்தால் அந்தக் கிடாரி பெரும்பாலும் சினை பிடிக்காது. ஏன் என்று சிகாகோவில் லில்லி என்ற விலங்கியலாளர் 1916-ல் விளக்கினார். மாட்டின் வயிற்றில் இரட்டைக் கன்றுகளின் நஞ்சுக்கொடி ரத்தக்குழாய்கள் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன. ஆண் கன்றின் ரத்தத்தில் ஓடும் சுரப்புகள் பெண் கன்றின் கருப்பையைக் கெடுத்துவிடுகின்றன என்றார். அதோடு கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

சுமார் முப்பது வருடம் கழித்து, அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரே ஓவன் என்ற இளைஞர் மாடுகளின் ரத்த வகைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவரே பால் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். அங்கே மேரிலாந்து மாநிலத்திலிருந்து ஒரு மாட்டுக்காரரின் சேதி வந்தது. அவருடைய கர்ன்சி இனப் பசுவைக் கர்ன்சிக் காளையோடு சேர்த்திருக்கிறார். அதே நாளில் ஹியர்ஃபோர்டு காளை ஒன்றும் அதனோடு சேர்ந்துவிட்டது. பிறந்தது இரட்டைக் கன்று. ஒன்று அச்சு அசலாகக் கர்ன்சி. மற்றதற்கு ஹியர்ஃபோர்டின் வெள்ளை முகம். ஒரே கருவறை, இரண்டு தகப்பன்.

ஓவன் இரண்டின் ரத்தத்தையும் வாங்கிப் பார்த்தார். ஒவ்வொரு கன்றின் ரத்தத்திலும் இரண்டு தகப்பன்களின் அடையாளமும் இருந்தன. குழாய்கள் ஒட்டியிருந்தால் ரத்தம் கலக்கும், இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். அதிசயம் வேறு இடத்தில் இருக்கிறது. சிவப்பணுவின் ஆயுள் சில மாதங்கள்தான். பிறக்கும் முன் கலந்த அணுக்கள் கன்று வளர்வதற்குள் செத்து ஒழிந்திருக்கவேண்டும். ஆனால் வளர்ந்த மாட்டிலும் அந்தக் கலவை அப்படியே இருந்தது. அப்படியானால் கலந்தது வெறும் ரத்தம் இல்லை. ரத்தத்தை உண்டாக்கும் மூல அணுக்களே ஒரு கன்றிலிருந்து மற்றதற்குக் குடியேறி, அங்கே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளை பெற்றுக்கொண்டிருக்கின்றன. வீட்டுக்கார உடம்போ அவர்களை விரட்டவில்லை. 1945-ல் ஓவன் இதை ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார். அந்தக் கட்டுரை வந்தபோது ஒருவரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. உலக யுத்தம் முடிந்த வருடம். மாட்டு ரத்தத்தைப் பற்றி யாருக்குக் கவலை?

கண்டுகொண்டவர் ஆஸ்திரேலியாவில் இருந்தார். மெல்போர்னில் மெக்ஃபார்லேன் பர்னெட். அந்நியர் யார், சொந்தக்காரர் யார் என்று உடம்புக்குப் பிறவியிலேயே தெரியாது, கருவிலிருக்கும்போது எதையெதை அது சந்திக்கிறதோ அதையெல்லாம் தன்னுடையது என்று எழுதி வைத்துக்கொள்கிறது என்று 1949-ல் ஃபென்னரோடு சேர்ந்து ஒரு புத்தகத்தில் சொன்னார். ஆதாரமாக ஓவனின் கன்றுகளைக் காட்டினார். ஆனால் அவரே அதைச் சோதித்துப் பார்த்தபோது சோதனை பலிக்கவில்லை.

பலிக்க வைத்தவர் இங்கிலாந்தின் பீட்டர் மெடாவர். யுத்தக் காலத்தில் தீக்காயம் பட்ட விமானப்படை வீரர்களுக்குத் தோல் ஒட்டும் வேலையில் மாட்டிக்கொண்டவர். வேறொருவர் தோல் ஏன் ஒட்டுவதில்லை என்பதுதான் அவர் தலைவலி. 1948-ல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் ஒரு கால்நடை ஆராய்ச்சியாளர், ஒரே கருவில் பிரிந்த இரட்டைக் கன்று எது, இரண்டு கருவில் வந்தது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார். அதற்கென்ன, தோலை மாற்றி ஒட்டிப் பாருங்கள், இரண்டு கருவில் வந்ததென்றால் ஒட்டாது என்று மெடாவர் அடித்துச் சொல்லிவிட்டார். பிறகு ஒட்டிப் பார்த்தால் அநேகமாக எல்லாமே ஒட்டிக்கொண்டன! ஓவனின் கட்டுரையை அவர் அப்போது படித்திருக்கவில்லை. பிறகு படித்தார். 1953-ல் பில்லிங்ஹாம், பிரெண்ட் என்ற இருவரோடு சேர்ந்து சுண்டெலிகளில் செய்து காட்டினார். ஒரு இன எலிக்குக் கருவிலேயே வேறு இனத்தின் அணுக்களைச் செலுத்தினால், வளர்ந்தபின் அந்த இனத்தின் தோலை அது ஏற்றுக்கொள்கிறது. பழுப்பு எலியின் முதுகில் வெள்ளை முடியோடு ஒரு திட்டு. அந்தப் படம் பிரசித்தம்.

1960-ல் நோபல் பரிசு பர்னெட்டுக்கும் மெடாவருக்கும் வந்தது. ஓவன் பெயர் இல்லை. இந்தப் பரிசில் உங்களுக்கும் பங்கு இருந்திருக்கவேண்டும் என்று மெடாவர் ஓவனுக்குக் கடிதம் எழுதினார். அவர் பெரிய மனிதர். ஓவனும் அதைப் பெரிதுபடுத்தாமல் கலிஃபோர்னியாவில் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டு தொண்ணூறைத் தாண்டி வாழ்ந்தார்.

ரத்தப் புற்றுநோய் இந்தக் கதைக்குள் நுழைவது இதற்கு அடுத்த வருடம். லண்டனில் ஜாக் மில்லர் என்ற இளம் டாக்டர், எலிகளுக்கு ஒரு வைரஸால் வரும் ரத்தப் புற்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்தப் புற்று நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில்தான் ஆரம்பிக்கும். சுரப்பியை எடுத்துவிட்டால் நோய் வராது. மில்லர் பிறந்த குட்டிகளுக்கே தைமஸை எடுத்துப் பார்த்தார். அந்தக் குட்டிகள் வைரஸ் கொடுக்காமலே இளைத்துச் செத்தன. சாகுமுன் ஒட்டிப் பார்த்தால் எந்த இனத் தோலையும் ஏற்றுக்கொண்டன. அதாவது, ஒன்றுக்கும் உதவாது என்று நினைத்த தைமஸ்தான் எதிர்ப்பு அணுக்களின் பள்ளிக்கூடம். அங்கே படித்துவிட்டு வருகிற வெள்ளையணுக்களைத்தான் இன்று டி செல் என்கிறோம். 1961-ல் மில்லர் இதை வெளியிட்டபோது பெரியவர்கள் சுலபத்தில் நம்பவில்லை. சந்தேகப்பட்டவர்களில் மெடாவரும் ஒருவர். நான் பட்டப்படிப்பில் விலங்கியல் படித்தது அதற்கும் ஆறேழு வருடம் கழித்து. எங்கள் பாடநூலில் அப்போதும் தைமஸுக்கு இரண்டே வரிதான்: குழந்தையில் பெரிதாக இருக்கும், வயதானால் சுருங்கும்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் சொந்த உடம்பைத் தாக்கும் குணமுள்ள செல்களைப் படிப்பு முடியுமுன்னரே அழித்துவிடுகிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. சரி, எந்தப் பள்ளிக்கூடம் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டியிருக்கிறது? தப்பி வெளியே வருகிற போக்கிரிகளை யார் பார்த்துக்கொள்வது?

அதற்கு விடை ஜப்பானில், நகோயாவிலுள்ள ஐச்சி புற்றுநோய் மையத்தில் கிடந்தது. 1969-ல் நிஷிஸுகா, சகாகுரா என்ற இருவர் எலிக்குட்டிகளுக்குப் பிறந்த மூன்றாம் நாள் தைமஸை எடுத்தார்கள். மில்லர் பிறந்த உடனே எடுத்தார், எதிர்ப்பே இல்லாமல் போயிற்று. மூன்று நாள் கழித்து எடுத்தால் நேர் எதிர். எதிர்ப்பு மிஞ்சிப்போய் எலியின் சூலகமே அழிந்தது. ஏன்? முதல் மூன்று நாளில் சண்டைக்காரர்கள் தைமஸை விட்டு வெளியே வந்துவிட்டார்கள். அவர்களைத் தட்டிக்கேட்கிற பெரியவர்கள் கொஞ்சம் தாமதமாக வருவார்கள் போலிருக்கிறது, அவர்கள் வருமுன் வாசலை அடைத்துவிட்டோம்.

இப்படி யோசித்தவர் ஷிமோன் சகாகுச்சி. கியோட்டோவில் டாக்டர் பட்டம் வாங்கியவர். அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, மேற்படிப்பை நடுவில் விட்டு நகோயாவுக்குப் போனார். தைமஸ் எடுத்த குட்டிக்கு, அதே இனத்து ஆரோக்கியமான எலியின் டி செல்களைக் கொடுத்தார். நோய் வரவில்லை. ஆக, டி செல்களிலேயே அடக்கி வைக்கிற ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் அது எது? நுண்ணோக்கியில் எல்லா டி செல்லும் ஒன்று போலத்தான் இருக்கும். நெற்றியில் ஏதாவது அடையாளம் இருந்தால்தானே பிரித்தெடுக்க முடியும்?

அவருடைய கெட்ட காலம், அப்போது இந்த மாதிரிப் பேச்சுக்கே அவப்பெயர் வந்துவிட்டது. 1970-களில் ‘ஒடுக்கும் டி செல்’ என்று அமெரிக்காவில் பெரிய பரபரப்பு இருந்தது. அவற்றுக்கான மரபணு இந்த இடத்தில் இருக்கிறது என்று வரைபடமே போட்டார்கள். 1980-களின் தொடக்கத்தில் டிஎன்ஏவைப் பிரித்துப் பார்த்தால் அந்த இடத்தில் அப்படி ஒரு மரபணுவே இல்லை. அதோடு அந்தத் துறையே கேலிக்கு ஆளாகிவிட்டது. அந்தச் சொல்லைப் போட்டு மானியம் கேட்டால் கிடைக்காது என்ற நிலை. ஒரு வரைபடம் தப்பானதற்காக வீடே இல்லை என்று முடிவுகட்டிவிட்டார்கள். சகாகுச்சி சுமார் பத்து வருடம் அமெரிக்காவில் ஒவ்வோர் ஆய்வகமாக மாறிக்கொண்டு அதே கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். தோல் மருத்துவரான அவர் மனைவி நோரிகோவும் அந்த ஆராய்ச்சியில் கூடவே இருந்தார்.

அவருக்குத் தேவைப்பட்ட நெற்றி அடையாளம் வந்த வழிதான் எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம். அது ஒரு ரத்தப் புற்றுநோய் வழியாக வந்தது.

கியோட்டோவில் தகாத்ஸுகி, உச்சியாமா முதலிய டாக்டர்கள் 1970-களில் ஒரு விநோத ரத்தப் புற்றைக் கவனித்தார்கள். வயதானவர்களுக்கு வருகிறது, டி செல்லில் வருகிறது, நுண்ணோக்கியில் செல்லின் உட்கரு பூவிதழ் விரிந்த மாதிரி மடல்மடலாக இருக்கிறது. நோயாளிகளின் பிறந்த ஊரை விசாரித்தபோது பெரும்பாலோர் தென்கோடியிலுள்ள கியூஷு தீவைச் சேர்ந்தவர்கள். 16 பேரின் விவரங்களோடு 1977-ல் வெளியிட்டார்கள். (ஊர் எது என்று நோயாளியிடம் கேட்கிற அந்தக் காலத்து டாக்டரின் பழக்கத்துக்கு ஒரு கும்பிடு.) ஒரு ஊர்க்காரர்களுக்கே வருகிறதென்றால் தொற்று ஏதோ இருக்கவேண்டும். 1980-ல் அமெரிக்காவில் காலோவின் குழு அந்த வைரஸைப் பிடித்தது. அடுத்த வருடம் ஜப்பானில் ஹினுமாவின் குழுவும் பிடித்தது. எச்டிஎல்வி-1 என்று பெயர். எய்ட்ஸ் வைரஸுக்குத் தூரத்து உறவு, அதைவிட முன்னால் கண்டுபிடிக்கப்பட்டது. பெரும்பாலும் தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்குப் போகும். பிறகு அரை நூற்றாண்டு சும்மா இருக்கும். தொற்றியவர்களில் நூற்றுக்குச் சுமார் ஐந்து பேருக்குத்தான், அதுவும் அநேகமாக அறுபதுக்கு மேல், புற்றாக வெடிக்கும்.

இதற்கிடையில் உச்சியாமா அமெரிக்காவின் பெத்தெஸ்டாவுக்குப் போய், வால்ட்மனோடு சேர்ந்து 1981-ல் ஒரு எதிரணுவை, அதாவது ஆன்டிபாடியை, உண்டாக்கினார். முறுக்கேறிய டி செல்லின் மேல் மட்டும் இருக்கும் ஒரு புரதத்தில் அது போய் ஒட்டும். அந்தக் கியூஷு புற்றுச் செல்களின் மேல் அந்தப் புரதம் அப்பிக் கிடந்தது. அந்தப் புரதத்துக்குப் பின்னால் வைத்த பெயர் சிடி-25.

1995-ல் சகாகுச்சி ஆரோக்கியமான எலியின் டி செல்களிலிருந்து சிடி-25 உள்ளவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு, மீதியை எதிர்ப்புச் சக்தியே இல்லாத எலிக்குச் செலுத்தினார். அந்த எலியின் வயிறு, தைராய்டு, சூலகம் என்று பல உறுப்புகள் தாக்கப்பட்டன. பொறுக்கி எடுத்ததைத் திரும்பச் சேர்த்தால் தாக்குதல் இல்லை. புற்றுச் செல்லில் பார்த்துப் பழகிய அடையாளம்தான் உடம்பின் பஞ்சாயத்துக்காரர்களையும் காட்டிக்கொடுத்தது. பழைய அவப்பெயர் ஒட்டாமலிருக்க ‘ஒழுங்குபடுத்தும் டி செல்’ என்று இவற்றுக்குப் புதுப்பெயர் வைத்தார்கள். அலுவலகத்தில் பழைய கோப்புக்குப் புது எண் போட்டு அனுப்பினால் கையெழுத்தாகிவிடும் என்பது நமக்குத் தெரியாததா?

மரபணு இன்னும் பாக்கி. அது அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் ஐம்பது வருடமாகக் காத்திருந்தது. அணுகுண்டு தயாரித்த ஊர். கதிர்வீச்சு என்ன செய்யும் என்று பார்க்க அங்கே எலிகள் வளர்த்தார்கள். 1949-ல் கதிர்வீச்சுக்குச் சம்பந்தமே இல்லாமல், தோல் செதில் செதிலாக உரியும் ஆண் குட்டிகள் தாமாகவே பிறந்தன. சில வாரத்தில் செத்துவிடும். கோளாறு எக்ஸ் குரோமோசோமில் இருக்கவேண்டும், ஏனென்றால் பெண்களுக்கு வருவதில்லை. அந்த எலிகளின் டி செல்கள் சொந்த உறுப்புகளைத் தாக்குகின்றன என்பது பின்னால் தெரிந்தது. 1990-களில் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு சிறிய மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்த பிரங்கோவும் ராம்ஸ்டெல்லும் அந்தக் கோளாறைத் தேட ஆரம்பித்தார்கள். இன்று கணினியைத் தட்டினால் வரும். அன்று மலையளவு வைக்கோலைக் கையால் பிரிக்கவேண்டும். தேடித்தேடி இருபது மரபணுக்களுக்குக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பத்தொன்பதும் நன்றாக இருந்தன. இருபதாவதில் இருந்தது கோளாறு!

அதற்கு ஃபாக்ஸ்-பி-3 என்று பெயர். ஆண் குழந்தைகளுக்கு அபூர்வமாக வரும் ஒரு கொடிய நோய் உண்டு. பிறந்த சில மாதத்திலேயே சர்க்கரை வியாதி, ஓயாத பேதி, தோல் வெடிப்பு. அவர்களிடமும் இதே மரபணுதான் கெட்டிருந்தது. 2001-ல் இதையெல்லாம் வெளியிட்டார்கள். 2003-ல் சகாகுச்சியும் மற்ற இரண்டு குழுக்களும் கணக்கை நேர் செய்தார்கள். ஒரு டி செல்லைப் பஞ்சாயத்துக்காரராக ஆக்குவதே இந்த ஃபாக்ஸ்-பி-3 மரபணுதான்.

இதோடு நிறுத்தினால் சுபம் போட்டுவிடலாம். ஆனால் அடுத்த வருடமே, 2004-ல், ஜப்பானில் கியூஷு புற்றுநோயாளிகளின் செல்களை எடுத்துப் பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். பல நோயாளிகளின் புற்றுச் செல்களுக்குள் அதே ஃபாக்ஸ்-பி-3 விழித்துக்கொண்டிருந்தது. அடையாளம் மட்டுமல்ல, அதிகாரமும் கைமாறியிருக்கிறது. இந்த நோயாளிகள் ஏன் சாதாரணக் காளான், புழுத் தொற்றுகளில்கூட விழுந்துவிடுகிறார்கள் என்ற பழைய கேள்விக்கு இது ஒரு விடை. எதிர்ப்பை அடக்கும் சீருடையைப் போட்டுக்கொண்டு ஒரு கூட்டம் கட்டுக்கடங்காமல் பெருகினால் ஊரில் காவல் ஏது?

அடக்கும் மரபணு இது ஒன்றுதான் என்று நினைத்துவிடக் கூடாது. பிடி-1 என்று ஒன்று டி செல்லின் மேல் இருக்கும் பிரேக். கியோட்டோவில் ஹோஞ்சோவின் குழு 1992-ல் கண்டுபிடித்தது. அந்த பிரேக்கை மிதிக்கிற கால் பிடி-எல்-1 என்ற புரதம். ஆரோக்கியமான திசுக்கள் தேவைப்படும்போது இதை நீட்டி, போதும் நிறுத்து என்று சொல்லும். சிவப்பணுவின் மேல் சிடி-47 என்று ஒன்று இருக்கிறது. என்னைத் தின்னாதே என்று மண்ணீரலிலுள்ள விழுங்கணுக்களுக்குக் காட்டும் அட்டை அது. அட்டை இல்லாத சிவப்பணு ஒரே நாளில் காலி என்று 2000-ல் எலிகளில் காட்டினார்கள். 2009-ல் ஸ்டான்ஃபோர்டில், ரத்தப் புற்றுச் செல்கள் அதே அட்டையை இரட்டிப்பாக மாட்டிக்கொண்டு திரிவதைப் பார்த்தார்கள். புற்றுநோய் புதிதாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. ஆரோக்கியமான ரத்தம் அன்றாடம் உபயோகிக்கும் சமாதானக் கருவிகளை எடுத்துக் கையில் வைத்துக்கொள்கிறது.

கருவியைப் பிடுங்கிவிட்டால்? அதைத்தான் செய்து பார்த்தார்கள். ஹாட்ஜ்கின் நோய் என்ற நிணநீர்ப் புற்றில், நெறிகட்டிய இடத்தை வெட்டிப் பார்த்தால் புற்றுச் செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். சுற்றிலும் கும்பலாக நிற்பவை எதிர்ப்பு அணுக்கள். திருடனைச் சுற்றி நூறு போலீஸ் நின்றும் ஒருவரும் கைவைக்காத மாதிரி. காரணம், அந்தத் திருடனிடம் பிடி-எல்-1 மரபணுவின் பிரதிகள் கூடுதலாக இருக்கின்றன. பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கிறான். பிடி-1-ஐ மறைக்கிற மருந்தை, எல்லா வைத்தியமும் கைவிட்ட 23 பேருக்குக் கொடுத்தார்கள். 20 பேருக்குக் கட்டி கரைந்து சுருங்கியது. 2015-ல் வந்த முடிவு இது. 2018-ல் ஹோஞ்சோவுக்கும், சிடிஎல்ஏ-4 என்ற வேறொரு பிரேக்கை எடுத்துக் காட்டிய அமெரிக்கர் அலிசனுக்கும் நோபல் கிடைத்தது. பிரேக்கை எடுத்ததால் தைராய்டு, குடல், மூட்டு என்று சொந்த உறுப்புகள் தாக்கப்படுவதும் சிலருக்கு நடக்கிறது. அது இந்த மருந்தோடு கூடவே வரும் செலவு.

கியூஷு புற்றுக்கும் இதையே கொடுக்கலாமே என்று தோன்றுவது இயற்கை. தோன்றக் காரணமும் இருந்தது. 2016-ல் கியோட்டோவில் ஒகாவாவின் குழு, இந்த நோயாளிகளில் நாலில் ஒருவருக்கும் மேல் பிடி-எல்-1 மரபணுவின் வால் அறுந்திருப்பதைக் கண்டது. படித்ததும் கிழித்துவிடவும் என்று அடியில் எழுதி வரும் சுற்றறிக்கையில் அந்தக் கடைசி வரி மட்டும் கிழிந்துபோனால் என்ன ஆகும்? சுற்றறிக்கை ஊரெல்லாம் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்படித்தான் பிடி-எல்-1 அளவில்லாமல் உற்பத்தியாகிறது. ஆகவே அமெரிக்காவில் மூன்று நோயாளிகளுக்கு அந்த பிரேக் எடுக்கும் மருந்தை ஒரே ஒரு தடவை கொடுத்தார்கள். மூவருக்கும் நோய் குபீரென்று பரவியது. சோதனையை அங்கேயே நிறுத்திவிட்டு, 2018-ல் அதை ஒளிக்காமல் வெளியிட்டார்கள்.

யோசித்தால் விஷயம் விளங்கும். ஹாட்ஜ்கின் நோயில் புற்றுச் செல் ஒரு பி செல். பிரேக் இருப்பது அதைச் சுற்றி நிற்கும் டி செல்லில். இந்த நோயிலோ புற்றுச் செல்லே ஒரு டி செல். பிரேக் அதன் உடம்பிலேயே இருக்கிறது. போலீஸுக்காக எடுத்த பிரேக் திருடனின் வண்டியிலும் கழன்றுவிட்டது. டி செல் புற்றுகளில் பிடி-1 புற்றைக் கட்டிப்போடும் கயிறாகவும் வேலை செய்கிறது என்று 2017-ல்தான் மியூனிக்கில் எலிகளை வைத்துக் காட்டியிருந்தார்கள். ஒரே மரபணு. ஒரு ரத்த அணுவில் காவல், இன்னொன்றில் குற்றம், மூன்றாவதில் குற்றவாளிக்குப் போட்ட விலங்கு. அந்த மூன்று பேரின் வீட்டார் இந்த விளக்கத்தை எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். சிடி-47 அட்டையை மறைக்கும் மருந்தும் நிலைக்கவில்லை. வயதான சிவப்பணுக்களும் சேர்ந்து அழிந்து சோகை வந்தது. பெரிய சோதனைகள் பலன் காட்டாததால் 2024-ல் ரத்தப் புற்றுக்கு அதைக் கைவிட்டார்கள்.

கியூஷு நோய்க்கு ஜப்பானில் 2012-ல் வேறொரு மருந்து வந்தது. புற்றுச் செல்களின் மேலிருக்கும் சிசிஆர்-4 என்ற அடையாளத்தைப் பிடித்து அழிப்பது. நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அந்த அடையாளம் ஆரோக்கியமான பஞ்சாயத்துக்காரர்களிடமும் உண்டு. அவர்களும் சேர்ந்து அழிவார்கள். இந்த நோய்க்கு முழுக் குணம் வேண்டுமென்றால் எலும்பு மஜ்ஜை மாற்றவேண்டும். (வேலூர் சி.எம்.சி.யில் 1986-லேயே தொடங்கிய வைத்தியம்தான்.) மஜ்ஜை மாற்றுவது ஓவனின் கன்றுகளில் இயற்கை செய்ததையே மனிதன் செய்வது. பிறத்தியாருடைய ரத்த மூல அணுக்களைக் குடிவைப்பது. குடிவந்தவர்கள் மிச்சமிருக்கும் புற்றை அழிப்பார்கள். கோபம் மிஞ்சினால் வீட்டுக்காரரின் தோல், குடல், ஈரலையும் தாக்குவார்கள். அவர்களைச் சமாதானப்படுத்துவது அந்தப் பஞ்சாயத்து செல்கள்தான். மருந்து கொடுத்துச் சீக்கிரத்திலேயே மஜ்ஜை மாற்றியவர்களுக்கு அந்தத் தாக்குதல் மிகக் கடுமையாக இருந்தது. இப்போது இரண்டுக்கும் நடுவே இடைவெளி விடப் பார்க்கிறார்கள். நோய் அதுவரை காத்திருக்குமா என்பது ஒவ்வொரு நோயாளிக்கும் தனிக் கணக்கு.

கியூஷு தீவிலேயே, நாகசாகியில், 1987-ல் மரபணுவையோ மருந்தையோ தொடாத ஒரு வேலையைத் தொடங்கினார்கள். வைரஸ் குழந்தைக்குப் போவது தாய்ப்பாலிலுள்ள வெள்ளையணுக்களுக்குள் ஒளிந்துகொண்டுதான். தாயின் டி செல்லே வண்டி. கர்ப்பிணிகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்து, தொற்று இருந்தால் புட்டிப்பால் கொடுக்கும்படி யோசனை சொன்னார்கள். பெற்ற பிள்ளைக்குப் பால் கொடுக்காதே என்று ஒரு தாயிடம் சொல்வதும், அறுபது வருடம் கழித்து வரக்கூடிய நோய்க்காக அதை அவள் கேட்டுக்கொள்வதும் லேசான காரியமா? கேட்டுக்கொண்டார்கள். தாய்ப்பால் நீண்ட நாள் குடித்த குழந்தைகளில் ஐந்தில் ஒன்றுக்குத் தொற்றியது, புட்டிப்பால் குடித்தவர்களில் நாற்பதில் ஒன்றாகக் குறைந்தது. 2011 வாக்கில் ஜப்பான் முழுவதும் அந்தப் பரிசோதனை வந்துவிட்டது. 1987-ல் நாகசாகியில் பிறந்த அந்தக் குழந்தைகளுக்கு 2025-ல் முப்பத்தெட்டு வயது.